"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்காதீர்கள்: மறதிநோய் கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் 26 வருடம் நர்ஸ். அதைவிட, டிமென்ஷியா என்கிற மறதிநோய் வந்த அம்மாவை ஏழு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவள் என்ற தைரியத்தில்தான் பதில் சொல்கிறேன். மாத்திரை அளவு மட்டும் கேட்காதீர்கள், அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார். மூன்று நாளாக வந்த கேள்விகள் இவை.

அம்மாவுக்கு 74 வயது, அல்சைமர் வகை மறதிநோய். ஒரு வருடமாக என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். மகள் என்று திருத்தினால் முகம் வாடிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா சிஸ்டர்? (சேலம்)

விட்டுவிடுங்கள். உங்கள் பெரியம்மா அம்மாவுக்கு எப்படி? தலை பின்னிவிட்டவரா, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவரா? அப்படியென்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது பதவி உயர்வு. பெயர் போய்விட்டது, "இவள் என்னைப் பார்த்துக்கொள்கிறவள்" என்பது போகவில்லை. அதைச் சொல்ல அவரிடம் மிச்சமிருக்கும் சொல் "அக்கா".

அல்சைமரில் மூளையில் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று, புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ். சின்ன வயதில் பதிந்தவை ரொம்ப நாள் தாங்கும். அம்மா தன்னை இருபது வயதுப் பெண்ணாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, எதிரே நடுவயதில் நிற்கும் நீங்கள் எப்படி மகளாக இருக்க முடியும்? அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆல்பத்தைக் காட்டி "இது யார், இது யார்" என்று தினமும் பழக்கினால் ஞாபகம் திரும்புமா?

திரும்பாது. அது பரீட்சை. தோற்றுப்போன பிள்ளை முகம் எப்படி ஆகுமோ அப்படித்தான் அவர் முகமும் ஆகும். ஆல்பம் நல்லதுதான், விடையை நீங்களே சொல்லிவிடுங்கள்: "சித்தப்பா கல்யாணம்மா இது, பந்தலோட மழை கொட்டுச்சே." அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அரை நிமிடம் கழித்துப் பதில் வரலாம். அதற்குள் நாம் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது 79. தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு "டூட்டிக்கு நேரமாச்சு" என்று கதவைத் தட்டுகிறார். பூட்டினால் கத்துகிறார். ரிட்டயர் ஆகி இருபது வருடம் ஆயிற்று என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார். (விழுப்புரம்)

சாயங்காலப் படபடப்பு இந்த நோயில் சகஜம் தம்பி. நாள் முழுவதும் ஓடிய களைப்பு, மங்கும் வெளிச்சம், சில நேரம் வெறும் பசி, சில நேரம் ஒன்றுக்குப் போக வேண்டியிருப்பதைச் சொல்லத் தெரியாமல் தவிப்பது. ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். கையில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுங்கள்.

அப்புறம், ரிட்டயர் ஆன கதையை நிறுத்துங்கள். "இன்னைக்கு எந்த ரூட்டுப்பா?" என்று கேளுங்கள். பழைய பை இருந்தால் எடுத்துக் கொடுங்கள், டிக்கெட் அளவுக்குக் காகிதம் வெட்டி அட்டையில் செருகி வையுங்கள். முப்பது வருடம் கை செய்த வேலை, பெயர்களும் தேதிகளும் இருக்கும் அறையில் குடியிருப்பதில்லை. சிறுமூளை மாதிரியான வேறு இடங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன, அவை பெரும்பாலும் தாமதமாகத்தான் சேதமாகும்.

என் அம்மாவுக்கு அது பூ கட்டுவது. என் பெயர் தெரியாது, அன்று காலையில் சாப்பிட்டது தெரியாது. மடியில் மல்லியைக் கொட்டி நாரைக் கையில் கொடுத்தால் போதும்: இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, ஒரு சுண்டு. ஒரு பூ காம்பு ஒடியாது. நான் கட்டினால் இன்றைக்கும் பாதி உதிர்ந்துவிடும்.

அப்பா இறந்து ஆறு வருடம். அம்மா தினமும் "அவர் எங்கே, இன்னும் வரலையே" என்கிறார். பொய் சொல்ல மனம் வரவில்லை. (திருநெல்வேலி)

எனக்கும் வரவில்லை. அதனால் ஒரே நாளில் நான்கு முறை உண்மையைச் சொன்னேன். நான்காவது முறையும் அம்மா அப்போதுதான் கேட்பதுபோல மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். என் உண்மையால் அவருக்குக் கிடைத்தது நான்கு சாவு.

சேதி மறந்துவிடும், துக்கம் மறப்பதில்லை. 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத் துணுக்குகளைக் காட்டிப் பார்த்தார்கள். என்ன பார்த்தோம் என்பது போன பிறகும் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் நீடித்தன. வீட்டிலும் அப்படித்தான். காலையில் எரிந்து விழுந்தால் மதியம்வரை காரணம் தெரியாமல் அம்மா சுருங்கியே உட்கார்ந்திருப்பார்.

"வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒத்துவந்த வழி வேறு. "அப்பா வந்தா என்ன சமைக்கலாம்மா?" என்று கேட்பேன். "வத்தக்குழம்பு. அப்பளத்தைச் சுடு, பொரிச்சா அவருக்கு இருமல் வரும்" என்றார் ஒரு நாள். அப்பாவோடு நாற்பது வருடம் இருந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

டொராண்டோவில் இருக்கிறேன். வீடியோ காலில் அப்பா என்னைப் பார்ப்பதே இல்லை, போனைத் திருப்பி வைத்துவிடுகிறார். வருத்தமாக இருக்கிறது.

உள்ளங்கை அளவு கண்ணாடியில் ஆடும் முகம் மகன் என்று புரிவது அவருக்குக் கஷ்டம் தம்பி. வீடியோவை விடுங்கள், குரல் மட்டும் போதும். பழைய ரிசீவர் வைத்த போன் இருந்தால் இன்னும் நல்லது, அதைக் காதில் வைக்கக் கை தானாகப் போகும். தினமும் ஒரே நேரம். எடுத்ததும் "அப்பா, நான் சின்னவன் பேசுறேன்" என்று சொல்லிவிடுங்கள், கண்டுபிடிக்க விடாதீர்கள். அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஏதாவது இருக்குமே, இரண்டு வரி பாடுங்கள், மூன்றாவது வரியில் நிறுத்துங்கள். பேச்சு தடுமாறுகிறவர்கள்கூடப் பாட்டு வரியை எடுத்துப் பாடிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

நேற்று அம்மா திடீரென்று தெளிவாக என் பெயர் சொல்லி, "சாப்பிட்டியா?" என்றார். குணமாகிறதா?

இல்லை அம்மா. ஏற்ற இறக்கம் இந்த நோயில் உண்டு. இன்று காலையில் அவர் பழையபடி இருந்திருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள். சாப்பிட்டேன் என்று அவருக்குப் பதில் சொன்னீர்கள் இல்லையா, அது போதும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் மோசமானால், தூங்கி வழிந்தால், இல்லாததைப் பார்த்துப் பேசினால், "நோய் முற்றிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் உப்பு குறைவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இப்படி ஏதாவது இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் மருமகள். குளிக்க வைக்கும்போது மாமியார் அடிக்கிறார், நகத்தால் கீறுகிறார். நல்லா இருந்த காலத்திலும் என்னிடம் அன்பாக இருந்ததில்லை. எல்லோரும் அவரோடு "கனெக்ஷன்" வேண்டும் என்கிறார்கள், எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

தோன்ற வேண்டிய கட்டாயம் இல்லை. இல்லாத அன்பை உங்களிடம் யாரும் கேட்க முடியாது.

அடிப்பது வன்மத்தில் இல்லை, பயத்தில். யாரோ துணியைக் கழற்றித் தலையில் தண்ணீரை ஊற்றினால் யார்தான் அடிக்க மாட்டார்கள்? வெதுவெதுப்பான தண்ணீர், முதலில் பாதம், அப்புறம் முழங்கால், தலை கடைசியில். தோளில் துண்டு இருக்கட்டும், அது நனைந்தால் நனையட்டும். சொம்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள், கையில் பொருள் இருந்தால் கீறுவது குறையும். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று சட்டமில்லை, துடைத்துவிட்டாலும் சுத்தம்தான்.

வாரத்தில் மூன்று நாள் உங்கள் கணவர் இதைச் செய்யட்டும். அவர் அம்மாதானே. முதியோர் உதவிக்கு 14567, உங்கள் மனசுக்கு டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416. இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள்.

அம்மாவுக்குப் பேச்சு நின்று நான்கு மாதம் ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்றே தெரியவில்லை.

முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சின்ன விஷயம், நிறைய வீட்டில் விட்டுப்போகிறது. நின்றுகொண்டு பேசாமல் அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். எண்ணெய் வைத்து மெதுவாகத் தலை வாருங்கள்.

என் அம்மாவின் கை, பக்கத்தில் தலையணை இருந்தால் தட்டிக்கொண்டே இருக்கும், குழந்தையைத் தூங்கவைக்கிற அதே தாளத்தில். ஒரு மத்தியானம் தலையணையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் படுத்துக்கொண்டேன்.

(விழுப்புரம், மறுபடியும்) சிஸ்டர், காகித டிக்கெட் செய்து கொடுத்தேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்து "எங்க?" என்றார். "திண்டிவனம் ஒண்ணு" என்றேன். கட்டை விரலை எச்சில் தொட்டு டக்கென்று கிழித்துக் கொடுத்தார். ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். சில்லறை இல்லாமல் ஏறியதற்குச் செம திட்டு. ஆறு மாதத்தில் என்னிடம் இவ்வளவு பேசியது இதுதான்.

நாளைக்குச் சரியான சில்லறையோடு ஏறுங்கள். திட்டு வேண்டுமென்றால் ஐந்நூறே இருக்கட்டும்.

பூ கட்டக் கொடுங்கள் என்கிறீர்கள். மார்கழியில் மல்லி விலை கேட்கிற மாதிரியா இருக்கிறது? (மதுரை)

மதுரைக்காரரே இப்படிச் சொன்னால் நாங்கள் எங்கே போவது! மல்லிதான் வேண்டும் என்றில்லை. கனகாம்பரம், துளசி, மருக்கொழுந்து, எது கிடைக்கிறதோ அது. எங்கள் வீட்டில் கடைசி ஆறு மாதம் கறிவேப்பிலைதான். ஒரு நாள் ஒரு முழம் கட்டி முடித்து, என்னைக் குனியச் சொல்லித் தலையில் வைத்துவிட்டார். அதோடு போய்த்தான் பால் வாங்கி வந்தேன்.