இருட்டில் விழும் முடிச்சு

கேள்வி: ஒளிக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார்களாமே, உண்மையா? எங்கோ வெள்ளைக்காரர்கள் போடும் முடிச்சால் நமக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முடிச்சைப் பார்க்க ஆய்வுக்கூடம் எதற்கு? பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே நிற்கும் கம்பத்தைப் பாருங்கள். இணைய இணைப்புக் கேட்டோம். ஒருவர் ஏணி போட்டு ஏறினார், பழைய கேபிளை அவிழ்க்காமல் அதன்மேலேயே புதியதைச் சுற்றிவிட்டு இறங்கினார். அடுத்து வந்தவர் அதற்கும் மேலே சுற்றினார். இப்போது எது யாருடைய கேபிள் என்று கம்பத்துக்கே தெரியாது. அங்கே தடையில்லாச் சேவை பெறும் ஒரே வாடிக்கையாளர், உள்ளே கூடு கட்டியிருக்கும் காகம். பில் மட்டும் எங்களுக்கு வருகிறது.

சரி, உங்கள் முடிச்சுக்கு வருகிறேன். அது விழுவது ஒளிக்குள் ஓடும் இருட்டில். அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுத்தமாக அணைந்துபோகும் இடங்கள் நூல் நூலாக நீளும். 1974-இல் ஜான் நை, மைக்கேல் பெர்ரி என்ற இரு இயற்பியலாளர்கள் இதை விளக்கினார்கள். அந்த நூலைச் சுற்றி வந்தால் அலையின் கட்டம் (ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் நிலை) ஒரு முழுச் சுற்று மாறும், அல்லது இரண்டு, மூன்று. ஒன்றரை கிடையாது. அரைகுறைக்கு இடமில்லாததால்தான் லேசான சலனத்துக்கு அது மறைந்துவிடுவதில்லை. 2010-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் லேசரையும் ஹோலோகிராமையும் வைத்து அந்த இருட்டு நூலை முடிச்சாகவே வளைத்துக் காட்டினார்கள்.

பயனா? நடுவில் அந்த இருட்டு நூலும் சுற்றிலும் ஒளியுமாக ஒரு டோனட் கற்றை. அது உயிரணுவில் நடுவைச் சுற்றியுள்ள மினுக்கத்தையெல்லாம் அணைத்து, நடுப்புள்ளியை மட்டும் மிஞ்சவிடும். சாதாரண நுண்ணோக்கிக்குப் பிடிபடாத நுணுக்கம் அப்படித்தான் பிடிபட்டது. ஸ்டெஃபான் ஹெல்லுக்கு 2014 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது இதற்காகத்தான். இப்படி நடுவில் இருட்டு நூல் ஓடும் 'சுழல்' கற்றைகள் பலவற்றை ஒரே கண்ணாடி இழையில் விட்டுத் தகவல் சுமக்கவைக்கலாம் என்றும் சொல்கிறார்கள். 2013-இல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் செய்தும் பார்த்தார்கள். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரில் நம்முடைய ஏணிக்காரர் இல்லை. ஆகவே நான் நுண்ணோக்கியை நம்புகிறேன், இதை இப்போதைக்கு நம்பவில்லை.

அப்புறம் அந்த 'எங்கோ வெள்ளைக்காரர்கள்'. புரோட்டான் போன்ற துகள்களே வெளியெங்கும் பரவியிருக்கும் புலத்தில் (field) விழுந்த முறுக்கு என்று கணக்குப் போட்ட டோனி ஸ்கைர்ம் வெள்ளைக்காரர்தான். ஆனால் 1962 முதல் 1964 வரை அவர் பாடம் நடத்தியது கோலாலம்பூரில், நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில். 2018-இல் இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகத்தில் உலோகப் பரப்பை ஒட்டி ஓடும் ஒளியில் அதே மாதிரி முறுக்கைக் கண்டார்கள். அதற்குப் பெயரே ஸ்கைர்மியான். அந்த இரண்டு ஆண்டுகளில் அவரிடம் படித்த யாராவது இதைப் படித்தால் உடனே எழுதுங்கள். சனிப்பெயர்ச்சிப் பலன் கேட்டு என்னை நச்சரிக்கும் வாசகர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒரு முழுப் பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.