சமூக ஊடகம் சந்தால் பழங்குடியினரின் பண்பாட்டை அழிக்கிறதா, வளர்க்கிறதா?

இரண்டும் நடக்கிறது. ஆனால் எழுத்து விஷயத்தில் லாபம்தான் அதிகம் என்பேன்.

சந்தால் மக்கள் ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா, பீகார், அசாம் எனப் பரவி வாழ்கிறார்கள். வங்கதேசத்திலும் நேபாளத்திலும் இருக்கிறார்கள். அதனால் ஒரே சந்தாலி மொழியை வங்க எழுத்து, தேவநாகரி, ஒடியா, ரோமன் என்று இடத்துக்கு இடம் வேறு எழுத்தில் எழுதிவந்தார்கள். சந்தாலிக்கென்றே ரகுநாத் முர்மு 1925-இல் உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்தைப் பரப்புவது பெரும்பாடாக இருந்தது. 2008-இல் அது, கணினியிலும் போனிலும் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் சேர்ந்தது. அப்புறம் கைக்கு போனும் வந்தது. ஒடிசாவின் மயூர்பஞ்சில் ஒருவர் போடும் பதிவை அசாமில் இருப்பவர் அதே எழுத்தில் படித்துப் பதில் போட முடிகிறது. 2018 முதல் சந்தாலி விக்கிப்பீடியாவும் இயங்குகிறது. மாநில எல்லைகள் பிரித்துவைத்த மக்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சித்து, கானு தலைமையில் 1855-இல் ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து நடந்த ஹூல் கிளர்ச்சியை ஒவ்வொரு ஜூன் 30 அன்றும் இளைஞர்கள் பதிவுகளில் நினைவுகூர்கிறார்கள். இயற்கையை வழிபடும் தங்கள் சர்னா சமயத்துக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கையும் இப்படிப் பரவுகிறது.

இழப்பு பாட்டில்தான் தெரிகிறது. வசந்தத்தில் வரும் பாஹா என்ற பூத் திருவிழாவுக்கு ஒரு மெட்டு, சொஹ்ராய் என்ற அறுவடைத் திருவிழாவுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு வேறொன்று என்பது அவர்கள் மரபு. யூடியூபில் அந்தப் பருவக் கணக்கு இல்லை. தும்டாக், தமாக் மேளங்கள் இருந்த இடத்தில் கீபோர்டு தாளம் ஒலிக்கும் வீடியோக்கள் நிறைய. ஊரே கைகோத்து ஆடும் வட்டம், கேமராவைப் பார்த்து நிற்கும் நாலு பேராகச் சுருங்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.