மண் அட்டையில் வராத மருந்து

கேள்வி: ஆடியில் மக்காச்சோளம் விதைத்து, மூன்றாம் நாள் ஏக்கருக்கு அரை கிலோ அட்ரசின் களைக்கொல்லி அடித்தேன். பிறகு மழை சரியாக இல்லை. கார்த்திகையில் அதே நிலத்தில் தக்காளி நட்டேன். இருபது நாளில் அடி இலைகள் ஓரம் மஞ்சளாகிக் கருகுகின்றன. மண் பரிசோதனை அட்டையில் எல்லாம் சரி என்றிருக்கிறது. மருந்து மண்ணில் தங்கியிருக்குமா?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: தங்கியிருக்கலாம். ஈரம் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் அட்ரசினைச் சிதைக்கும். காய்ந்த நிலத்தில் அது நாள்பட நிற்கும். அட்டையைக் குறை சொல்ல முடியாது. அதில் கார அமில நிலை, உப்பு, சத்துகள் மட்டும்தான் பார்ப்பார்கள்.

மண்ணில் தங்கிய மருந்தைத் தேடும் எச்ச ஆய்வுக் கூடத்தில் பல வருடம் மண் குலுக்கியவன் நான். நீங்கள் போட்ட அரை கிலோவில், ஐம்பது சத பவுடர் என்றால், மருந்து 250 கிராம்தான். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அடித்த அன்றைக்கே கிலோ மண்ணுக்கு 0.28 மில்லிகிராம்தான் வரும். இப்போது அதிலும் மிச்சத்தைத் தேட வேண்டும். 10 கிராம் மண்ணில் 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை விட்டு, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் சேர்த்துக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததைச் சுத்தம் செய்து மருந்தைப் பிரித்து அடையாளம் கண்டு அளக்கும் எல்சி-எம்எஸ் கருவியில் விடுவோம். கூடவே, சுத்தமான மண்ணில் அளந்து கலந்த அட்ரசினையும் ஓட்டிப் பார்ப்போம். போட்டதில் 70 முதல் 120 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைத்தால்தான் முடிவை நம்புவோம்.

இவ்வளவும் மண் எடுத்த விதத்தில் கெட்டுப்போகும். ஒருவர் களைக்கொல்லி வைத்திருந்த சாக்கிலேயே மண்ணை அள்ளி வந்தார், அதுவும் மூன்று நாள் வெயிலில் உலர்த்தி. அவரைத் திருப்பி அனுப்பியது இன்றும் மனதை உறுத்துகிறது. நீங்கள் வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழம் எடுத்துக் கலந்து, அரை கிலோவை அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். வெயில் படக்கூடாது.

அந்தச் செலவுக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். சாம்பல் சத்துக் குறைந்தாலும் இலை ஓரம் இப்படித்தான் கருகும். சந்தேக மண்ணில் நாலு தொட்டி, மருந்தே படாத தோட்டத்து மண்ணில் நாலு தொட்டி நிரப்பி வெள்ளரி விதை போடுங்கள். இரண்டிலும் ஒரேபோல முளைக்கும். ஏழாம் நாளில் ஏமாந்துவிடாதீர்கள். அட்ரசின் ஒளிச்சேர்க்கையைத்தான் தடுக்கும். விதையில் இருந்த உணவு தீர்ந்த பிறகுதான் செடி வெளுத்துக் கருகும். மூன்று வாரம் பொறுங்கள். சந்தேக மண்ணில் மட்டும் கருகினால் ஆய்வுக் கூடத்துக்குப் போகலாம்.

போகும்போது மருந்து பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். எதைத் தேடுவது என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள். கிளைபோசேட் களைக்கொல்லி என்றால் இந்த முறையில் மண்ணைவிட்டு வரவே வராது. அதற்கு வேறு வழி.