பாய்மரப் படகைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுசெல்ல எது வழி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காசிமேட்டில் ஒரு கொட்டகையில் நெடுநாளாகக் கிடந்த பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை நானும் தம்பியும் வாங்கியிருக்கிறோம். நீளம் 13 அடி 3 அங்குலம், அகலம் 5 அடி 3 அங்குலம். அலுமினியப் பாய்மரம் மட்டும் 20 அடி. பழவேற்காட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கு இதைக் கொண்டுபோக வேண்டும். "பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகே வந்து போகும், நீங்கள் கழி ஊன்றியே போய்விடலாம்" என்கிறார் தாத்தா. தம்பி லாரி பிடிக்கலாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், தண்டையார்பேட்டை.

பதில்: உங்கள் தாத்தா கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான கால்வாய் 1806இல் வெட்டப்பட்டது. அதற்குப் பணம் போட்ட வணிகரின் பெயரால் முதலில் காக்ரேன் கால்வாய் என்றே அதை அழைத்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரையிலான கொடுங்காலத்தில், பசித்தவர்களுக்குக் கூலி கொடுக்கும் வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது; அன்றைய ஆளுநரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் அப்போதுதான் வந்து ஒட்டிக்கொண்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றியும், கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தும் கொண்டுவந்து, இன்று நாம் ரயில் நிலையமாக மட்டுமே அறிந்திருக்கும் பேசின் பிரிட்ஜ் பக்கத்துத் துறையில் நிறுத்தினார்கள். 1965, 1966, 1976ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்த பிறகு அந்தப் போக்குவரத்து மெல்ல மெல்ல நின்றது.

2008இல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி எண் 4இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் கொருக்குப்பேட்டைப் பாலத்தின் மேல் ஒரு முறை நின்று கீழே பாருங்கள். கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக் கிடக்கும் அந்த நீரில் கழி ஊன்றினால் அது சேற்றில் புதையும், படகு நகராது. தாழ்வான பாலங்களும் குறுக்கே போகும் குழாய்களும் இருப்பதால் பாய்மரத்தைப் படுக்கவைத்தாலும் எல்லா இடத்திலும் நுழைய முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் கரிய பசையாக அப்பிக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கால்வாயை நம்பி வாழ்ந்த மக்களை நினைத்தால் மனம் கனக்கிறது. நகரத்துக்குள் கால்வாய் வழியை மறந்துவிடுங்கள், லாரியே சரி.

லாரியில் கவனிக்க வேண்டியது வேகத்தைவிட, படகு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். தண்ணீரில் இருக்கும்போது படகின் எடையை நீர் அதன் அடிப்பாகம் முழுவதும் சமமாகத் தாங்குகிறது. லாரியின் பலகைத் தளத்திலோ அதே எடை இரண்டு மூன்று புள்ளிகளில் குவிந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் அதே இடத்தில் இடிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் படகை வெறும் தளத்தில் வைத்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி அனுப்பினேன். இறக்கிப் பார்த்தபோது ஏராவின், அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பின், இருபுறமும் சிலந்திவலை போல மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. ஒன்றின்மேல் விரல் நகத்தை ஓட்டினால் நகம் சிக்கியது. அந்தக் கீறல் வழியே நீர் உள்ளே இறங்கி ஃபைபரை ஊறவைத்துவிட்டதால், தேய்த்து எடுத்து, காயவைத்து, ரெசின் பூசி முடிக்க ஒரு கோடை முழுவதும் போயிற்று.

ஆகவே பழைய லாரி டயர்கள் மூன்று வாங்குங்கள். அணியத்துக்கு (முன்முனை) சற்றுப் பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று, அமரத்துக்கு (பின்முனை) சற்று முன்னால் ஒன்று என்று படுக்கையாகப் போட்டு, மேலே மடித்த சாக்கை விரித்து, ஏரா டயர்களின் நடுவே அமரும்படி படகை இறக்குங்கள். சரிந்து ஆடாதபடி இருபுறமும் சாக்கு சுற்றிய கட்டைகளைச் செருகுங்கள். கட்டுவதற்கு, கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் வாங்குவது நல்லது. நைலான் கயிறு இழுத்தால் நீளும். மணலி வரை இறுக்கமாக இருப்பது மீஞ்சூர் வரும்போது தொளதொளவென்று ஆகிவிடும். பெல்ட் படகின் விளிம்பைத் தொடும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபையோ மடித்த துணியையோ வைத்து, டயருக்கு நேர்மேலே கட்டுங்கள். டயர் இல்லாத இடத்தில் இறுக்கினால் படகு வளையும். கையால் தட்டினால் பெல்ட் அதிர வேண்டும், அவ்வளவு இறுக்கம் போதும். சுக்கானையும், படகின் நடுவே நீருக்குள் இறக்கும் நடுப்பலகையையும் கழற்றித் தனியாகச் சுற்றிவையுங்கள். அடியில் உள்ள நீர்வடி மூடியைத் திறந்தே விடுங்கள். வழியில் மழை பெய்து படகுக்குள் 100 லிட்டர் தேங்கினால் 100 கிலோ கூடிவிடும்.

பாய்மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் படகுக்கு 17 அடி ஈச்சர் லாரியே தாராளம், ஆனால் 20 அடி மரம் அதில் குறுக்காக வைத்தாலும் அடங்காது. பின்னால் நீட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும் என்று டிரைவர் சொல்லக்கூடும். அதை ஏற்காதீர்கள். அனுமதித்த அளவுக்கு மீறிச் சரக்கு வெளியே நீட்டியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். அதைவிடப் பெரிய கவலை, பின்னால் இருட்டில் பைக்கில் வருபவரின் கண்ணுக்கு ஓர் அலுமினியக் குழாயின் முனை தெரியவே தெரியாது என்பது. வாடகை கூடினாலும் 22 அடி லாரி பிடியுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விடியற்காலையில் கிளம்பி, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் மணலி புதுநகர், மீஞ்சூர் வழியாகப் பொன்னேரி போய், அங்கிருந்து பழவேற்காட்டுக்குத் திரும்புங்கள். மணலி புதுநகரில் ஒரு முறை நிறுத்திப் பெல்ட்டுகளைத் தட்டிப் பாருங்கள். வாங்கிய ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழியில் வெயில், தூசி படாமல் படகின்மேல் தார்ப்பாய் போட்டு மூடலாமா? – வாசகர், ராயபுரம்.

பதில்: போடாமல் இருப்பதே மேல். காற்றில் படபடக்கும் தார்ப்பாய் இரண்டு மணி நேரத்தில் மணல்தாள் போலத் தேய்த்துப் படகின் பளபளப்பை எடுத்துவிடும். துணிப் பாயை மட்டும் சுருட்டி உறையிலிட்டு டிரைவர் அறைக்குள் வையுங்கள்.

கேள்வி: எண்ணூருக்கு வடக்கே கால்வாயில் மீனவர்கள் இன்றும் படகில் போகிறார்கள். எண்ணூர் வரை லாரியில் கொண்டுவந்து, அங்கிருந்து நீர்வழியாகப் பழவேற்காடு போக முடியாதா? கடல் வழி எப்படி? – வாசகி, மீஞ்சூர்.

பதில்: கடல் வழி வேண்டாம். காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் இரண்டின் கப்பல் பாதைகளையும் கடந்து, மணல் மேடிட்ட பழவேற்காட்டு முகத்துவாரத்தின் அலையில் ஒரு சிறு பாய்ப்படகைச் செலுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

காட்டுப்பள்ளியை ஒட்டிப் பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் கால்வாய்ப் பகுதி வேறு கதை. அங்கே நீர் கடலோடு சேர்ந்து ஏறி வற்றுகிறது. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூடச் சென்னைக் கடற்கரையில் நீர்மட்ட வேறுபாடு சுமார் 1 மீட்டர்தான், உள்ளே போகப் போக அதுவும் குறையும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடங்களும் உண்டு. இந்த அளவுள்ள படகில் நடுப்பலகையை இறக்கினால் 3 அடி ஆழம் வேண்டும், தூக்கிவிட்டால் முக்கால் அடி போதும். எனவே பாயை நம்பாமல் பலகையைத் தூக்கி, துடுப்பும் கழியும் கொண்டு, ஏற்றம் தொடங்கும் நேரத்தில் கிளம்பினால் முயன்று பார்க்கலாம். முதலில் படகில்லாமல், எண்ணூர்க் குப்பத்து மீனவர் ஒருவரைக் கூலிக்கு அழைத்துக்கொண்டு அவருடைய படகிலேயே ஒரு முறை போய்வாருங்கள். எங்கே வலை கட்டியிருக்கிறது, அன்று வலை போடும் முறை, அதாவது பாடு, யாருடையது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு வலையை அறுத்துவிட்டால் அது ஒரு குடும்பத்தின் அன்றைய சோறு.

பழவேற்காடு பறவைகள் சரணாலயம் என்பதால், ஏரியில் படகை இறக்குமுன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். தண்டையார்பேட்டை வாசகருக்கும் இது பொருந்தும். லாரியில் போனாலும் கால்வாயில் போனாலும், கரை சேர்ந்த பிறகு பாய்மரத்தை நிமிர்த்துமுன் இருவரும் தலையை உயர்த்தி மின்கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். அலுமினிய மரம் கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை. உயர் அழுத்தக் கம்பிக்கு அருகே போனாலே மின்சாரம் தாவிவிடும். கம்பி இருந்தால் மரத்தைப் படுக்கையாகவே தூக்கிக்கொண்டு, திறந்த வானம் உள்ள இடம் வரை நடந்துபோய் அங்கே நிமிர்த்துங்கள்.