ஒன்பதை விட்டு நாற்பத்தைந்துக்கு மாறலாமா?

ஹூஸ்டனில் கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த ஒரு சிறு கடை நடத்தும் வாசகர் கேட்கிறார்: "கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. இரவு கடை மூடியதும் அன்றைய பணத்தை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போகிறேன். போன வருடம் க்ளாக் 43எக்ஸ் பிஸ்டல் வாங்கினேன், 9 மிமீ. பக்கத்துக் கடைக்காரர், பழைய ராணுவக்காரர், 'இதெல்லாம் கொசு அடிக்கத்தான் ஆகும், .45 வாங்கு' என்கிறார். சட்டைக்குள் மறைத்து வைக்கிற அளவில் பெரிய கேலிபர் வாங்க வேண்டுமென்றால் எதை வாங்குவது?"

கேலிபர் என்றால் குண்டின் விட்டம்; .45 என்பது அங்குலக் கணக்கு. எதை வாங்குவது என்பதற்கு முன்னால், பெரிய கேலிபர் கையில் வந்தால் எது கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்துவிடலாம். உங்கள் பக்கத்துக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்வதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது. பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளோடு சண்டையிட்ட அமெரிக்க வீரர்கள், தங்கள் .38 ரிவால்வர் ஆளை நிறுத்தவில்லை என்று புகார் சொன்னார்கள். 1904இல் தாம்ப்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக்கூடங்களில் மாடுகளைச் சுட்டுப் பார்த்து, .45க்குக் குறைந்து எதுவும் கூடாது என்று எழுதிவைத்தார்கள். அங்கிருந்துதான் .45 ஏசிபி தோட்டாவும் 1911 பிஸ்டலும் ராணுவத்துக்குள் வந்தன. 1985இல் 9 மிமீ வந்து அதைத் தள்ளியபோது வருத்தப்பட்ட ராணுவக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் 1904இல் சுட்டவை இன்றைய தோட்டாக்கள் அல்ல. விரியாத குண்டு எவ்வளவு பெரியதோ அவ்வளவுதான் துளை. அந்தக் கணக்கில் பெரியதே நல்லது என்பது சரிதான்.

இன்று தற்காப்புக்குப் பெரும்பாலும் யாரும் விரியாத குண்டு வைத்துக்கொள்வதில்லை, வைத்துக்கொள்ளவும் கூடாது. மூக்கில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு உள்ளே போனதும் காளான் போல விரியும். 9 மிமீ குண்டின் விட்டம் 9 மிமீ, .40இன் விட்டம் 10.2, .45இன் விட்டம் 11.5. சுடுவதற்கு முன் முதலுக்கும் கடைசிக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். விரிந்த பிறகு நல்ல 9 மிமீ குண்டு 15 மிமீக்கு அருகில் நிற்கும், நல்ல .45 குண்டு 18 முதல் 20 வரை போகும். இதில் .45க்குச் சாதகம் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. அந்தச் சில மில்லிமீட்டருக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தக் கணக்கை அமெரிக்க எஃப்பிஐ ஒரு முழுச் சுற்று போட்டுப் பார்த்துவிட்டது. 1986 ஏப்ரல் 11ஆம் தேதி மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜெண்டுகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளையன் ஒருவன் மேல் பட்ட 9 மிமீ குண்டு கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். குண்டின் மேல் பழி விழுந்தது. எஃப்பிஐ முதலில் 10 மிமீ பக்கம் போனது. அதன் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது, பலருக்குக் கைவரவில்லை. தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்தார்கள். அந்தக் குறைத்த வேகத்துக்கு அவ்வளவு நீளத் தோட்டா தேவையே இல்லை என்று தெரிந்ததும், அதைச் சுருக்கி 1990இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ வந்தது. நாட்டில் பாதிப் போலீஸ் அதற்கு மாறியது. 2014இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவு மறுபடி உட்கார்ந்து எழுதியது: புதிய குண்டுகளில் கேலிபர்களுக்கு நடுவில் காயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் நம் ஆட்கள் 9 மிமீயில் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள். சுற்றி வந்து 9 மிமீயிலேயே நின்றார்கள்.

அந்த மயாமி சம்பவத்தால் நமக்குக் கிடைத்தது அளவுகோல்தான். மனிதத் தசையைப் போல் நடந்துகொள்ளும் ஜெலட்டின் கட்டியில், துணி அடுக்குகளைத் தாண்டியும் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை, அதாவது 30 முதல் 46 சென்டிமீட்டர் வரை போக வேண்டும். குறைந்தால் உள்ளுறுப்பை எட்டாது. கூடினால் ஆளைத் தாண்டிப் பின்னால் சிப்ஸ் பாக்கெட் எடுத்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரைப் போய்ச் சேரும். ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பீர் கோல்ட் டாட் போன்ற தோட்டாக்கள் 9 மிமீயிலேயே இந்த வரம்புக்குள் நிற்கும். குண்டு தவறினால் எந்தக் கேலிபரும் உங்கள் கடையின் ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும்.

இப்போது விலை. பணத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் உதை.

124 கிரெயின் 9 மிமீ குண்டு எட்டு கிராம், நொடிக்கு 350 மீட்டர் வேகம். 230 கிரெயின் .45 குண்டு பதினைந்து கிராம், நொடிக்கு 260 மீட்டர். முழு அளவுத் துப்பாக்கிகளில் அளந்த கணக்கு இது. ஆற்றலைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய 500 ஜூல்! கடையில் தோட்டா டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் அடி-பவுண்டு கணக்கில் அச்சடித்திருக்கும். ஆனால் உங்கள் மணிக்கட்டு ஆற்றலை உணர்வதில்லை. நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தத்தைத்தான் உணரும். அது .45இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். பெரிய எஃகு 1911இல் அது மெதுவான தள்ளல் போல இருக்கும்; உங்கள் பக்கத்துக் கடைக்காரர் ராணுவத்தில் சுட்டது அநேகமாக அதைத்தான். அதே தோட்டாவைக் குட்டிப் பிஸ்டலில் போட்டால் அடுத்த குறிக்குத் துப்பாக்கி திரும்பி வர ஆகும் நேரம் கூடும். .40இல் இது இன்னும் மோசம், வெடுக்கென்று மேலே துள்ளும். மறைத்து வைக்கிற அளவு என்று சொன்னவுடனே பெரிய கேலிபரின் சாதகத்தில் பாதி போய்விடுகிறது. குழல் குட்டையானால் குண்டின் வேகம் குறைகிறது; .45 ஏற்கெனவே மெதுவானது, இன்னும் மெதுவானால் சில குண்டுகள் சரியாக விரிவதில்லை.

அடுத்து எண்ணிக்கை. உங்கள் 43எக்ஸ் மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், பத்துத் தோட்டா. அதே தடிமனுக்கு அருகில் .45இல் வேண்டுமென்றால் க்ளாக் 36 இருக்கிறது, ஆறுதான். பத்து வேண்டுமென்றால் க்ளாக் 30. தோட்டா போட்டுத் தூக்கினால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. உங்களுடையது 650 கிராம் சுற்றி இருக்கும். (நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் மேகசினுக்குப் பத்து என்றுதான் சட்டம். அங்கே இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டால் க்ளாக் 30க்கு வாதம் கொஞ்சம் பலப்படும். டெக்சாஸில் அந்த வரம்பு இல்லை.)

ஒரு கிலோ என்ன பெரிய கனம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பயிற்சி கொடுக்க ஆரம்பித்த புதிதில் நானும் குட்டி .45 ஒன்று வாங்கி, டிசம்பரில் ஜாக்கெட்டுக்குள் பெருமையாக வைத்துக்கொண்டு திரிந்தேன். மார்ச் வந்ததும் இடுப்பு உறுத்தியது. ஏப்ரலில் காருக்குள் இருக்கும் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். மே மாதத்தில் அது வீட்டை விட்டே கிளம்பவில்லை. மாணவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் இதே கதையைச் சொல்வார்கள், மாதம் மட்டும் மாறும்.

சரி, பணம். .45 தோட்டா 9 மிமீயைப் போல் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு விலை. மாதம் இருநூறு சுடுகிறவர் நூறாகக் குறைத்துக்கொள்வார். நான் பார்த்தவரை கேலிபர் மாற்றியவர்களின் குறி கெட்டதற்கு உதையை விட இதுவே பெரிய காரணம்.

மற்ற பெரிய கேலிபர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 மிமீ அலாஸ்காவில் கரடி இருக்கும் காட்டில் நடப்பவருக்கு அர்த்தமுள்ளது, உங்களுக்கு வேண்டாம். .357 மேக்னம் குட்டி ரிவால்வரில் ஐந்தே தோட்டா, மூடிய அறைக்குள் சுட்டால் காது போய்விடும், இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று சுடுகிறவருக்கே தெரியாது. .40 துப்பாக்கிகள் போலீஸ் கழித்துவிட்டவை மலிவாகக் கிடைக்கின்றன, அந்த மலிவைத் தவிர அதை வாங்க எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் என் வார்த்தையை நம்ப வேண்டாம். துப்பாக்கி வாடகைக்குக் கொடுத்துச் சுட்டுப் பழக விடும் ரேஞ்ச் ஹூஸ்டனில் நிறைய உண்டு. ஒரு மாலை போங்கள். உங்கள் 43எக்ஸ், வாடகைக்கு க்ளாக் 30, இன்னொன்று 9 மிமீயிலேயே க்ளாக் 19. லெட்டர் தாளைப் பாதியாக மடித்து ஏழு கஜத்தில் மாட்டுங்கள். டைமர் வைத்து ஐந்து குண்டு, ஐந்தும் தாளுக்குள் விழ வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஐந்து முறை செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று வெளியே போனாலும் அந்த முறை கணக்கில் இல்லை. அப்புறம் இடது கை மட்டும் வைத்து ஒரு முறை, ஏனென்றால் வலது கையில் பணப்பை இருக்கும் உங்களுக்கு. .45இல் உங்கள் நேரம் 9 மிமீயோடு ஒட்டியே வந்தால் தாராளமாக வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அப்படி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரிய கை, நிறையப் பயிற்சி. அரை நொடி, ஒரு நொடி கூடினால் நீங்கள் வாங்கப் போவது பெரிய துளையை அல்ல, குறைந்த துளைகளை.

க்ளாக் 19ஐ எதற்குச் சேர்க்கச் சொன்னேன் என்றால், உங்களுக்கு உண்மையில் வேண்டியது அதுதான் என்று சந்தேகப்படுகிறேன். கேலிபரைக் கூட்டாதீர்கள், துப்பாக்கியின் உடம்பைக் கூட்டுங்கள். குழல் உங்களுடையதை விட ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல் நீளம், மேகசினில் பதினைந்து, தோட்டாவோடு 850 கிராம் சுற்றி. கனம் கூடியதால் அதே தோட்டா மென்மையாக உதைக்கும். வைத்திருக்கும் தோட்டாக்கள் வீணாகாது. ட்ரிகரும் உங்கள் விரலுக்குப் பழகியதுதான். ஆனால் ஹோல்ஸ்டர் வேறு வாங்க வேண்டும். பொதுவாக எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் துணி உறையைத் தொடாதீர்கள். அந்த மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) உறை, ட்ரிகர் முழுக்க மூடியிருக்க வேண்டும். அதோடு தடித்த பெல்ட். இடுப்பு உறுத்துகிறது என்று துப்பாக்கியைக் குறை சொல்பவர்களில் பாதிப்பேர் பத்து டாலர் பெல்ட்டில் மாட்டியிருப்பார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் லைசென்ஸ் எடுங்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது; மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. இரவில் பணத்தோடு நீங்கள் போகும் வழியில் எத்தனை பள்ளி இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். இன்னொன்று, கடையில் எச்1பி போன்ற விசாவில் இருக்கும் நண்பரோ உறவினரோ உதவிக்கு வந்தால், "இதைக் கொஞ்சம் வைத்துக்கொள், வந்துவிடுகிறேன்" என்று துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகளைத் தவிர, அந்த விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். கொடுத்த உங்களுக்கும் பங்கு வரும்.

பணத்தை எடுத்துப் போகும் நேரத்தையும் வழியையும் தினமும் மாற்றுங்கள். முடிந்தால் பகலில், இன்னொருவரோடு போங்கள். இதற்குச் செலவே இல்லை, எந்தக் கேலிபரும் இதற்கு ஈடில்லை.

க்ளாக் 19 வாங்கினாலும் சரி, .45 வாங்கினாலும் சரி, 43எக்ஸை விற்றுவிடாதீர்கள். ஹூஸ்டன் ஆகஸ்டில் மெல்லிய காட்டன் சட்டைக்குள் ஒளிவது அது ஒன்றுதான்.