14 கோர் ஸியோனா, 4 கோர் ஐ3-ஆ? கோர் கூடினால் கேம் வேகமாக ஓடுமா?

கேட்டிருப்பது இதுதான்: கிளிநொச்சியில் ஒருவர் கேம் விளையாட ஒரு பிசி பூட்டப்போகிறார். கிட்டத்தட்ட ஒரே காசுக்குப் புது ஐ3-12100எப் புரொசசர் ஒன்றும், பாவித்த 14 கோர் ஸியோன் புரொசசர் செட் ஒன்றும் வந்திருக்கின்றன. கோர் என்றால் புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி; ஐ3-இல் அது நாலு. 14 என்பது 4-ஐ விடப் பெரிது, அப்படியென்றால் ஸியோன்தானே நல்லது?

கேமுக்கு என்றால் இல்லை. வவுனியாவில் கொம்பியூட்டர் பூட்டுவதும் திருத்துவதும்தான் என் தொழில். அந்த ஸியோன் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "அண்ணை, இவ்வளவு கோர் இருந்தும் ஏன் இழுக்குது?" என்று கேட்கிற பெடியள் அடிக்கடி வருவார்கள்.

கேம் 60 எப்பிஎஸ்ஸில், அதாவது செக்கனுக்கு 60 படமாக ஓட வேண்டுமென்றால், பிரேம் என்கிற ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லி செக்கனுக்குள் முடிக்க வேண்டும். 144 என்றால் 7 மில்லி செக்கன்கூடக் கிடையாது. அந்த நேரத்துக்குள் புரொசசருக்கு இருக்கிற வேலைகளில் சிலவற்றைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்: சத்தம், டிஸ்கிலிருந்து மேப் ஏற்றுவது, பிசிக்ஸில் ஒரு பகுதி. ஆனால் நீங்கள் மௌஸை அழுத்தியது, குண்டு போனது, அது பட்டு எதிரி விழுந்தது என்று ஒன்று முடிந்தால்தான் அடுத்ததைக் கணக்குப் பார்க்கக்கூடிய வேலையும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மெயின் திரெட் என்கிற ஒற்றை வரிசையில், ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும். இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயலில் வெட்டு மெசின் ஒன்றுதான் நிற்கிறதென்றால், நெல் ஏற்ற 14 உழவு மெசின் பெட்டியோடு வந்து நின்றாலும் அந்த ஒன்று வெட்டுகிற வேகத்தில்தான் வயல் முடியும். ஜீன் அம்டால் இதைக் கணக்காகவே 1967-இல் சொல்லிவிட்டார்: வேலையில் பாதி பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை புரொசசர் சேர்த்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது.

இப்போது அந்த இரண்டு புரொசசரையும் பார்ப்போம். இந்த விலையில் வருகிற 14 கோர் ஸியோன் பெரும்பாலும் இ5-2680 வி4. 2016-இல் சேர்வருக்கென்று வந்தது. அதன் உச்ச வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ், அதுவும் ஓரிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது. 2022-இல் வந்த ஐ3-12100எப் 4.3 வரை போகும். வெறும் கிகாஹேர்ட்ஸ் மட்டும் இல்லை, ஒரே கிகாஹேர்ட்ஸில் வைத்தாலும் புதியது ஒரு சுற்றில் கூடுதல் வேலையை முடிக்கும். மெயின் திரெட்டுக்கு வேண்டியது இதுதான். வலொரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரியான கேம்களில் இந்த நாலு கோர் அந்தப் பதினாலைத் தாராளமாக முந்தும்.

ஸியோன் மெசினில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸில் சிபியூ கிராபை ரைட் கிளிக் பண்ணி லொஜிகல் புரொசசர்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். ஒரு கோர் இரண்டு திரெட்டை, அதாவது இரண்டு வேலை வரிசையை, ஒரே நேரத்தில் எடுப்பதால் 28 பெட்டி தெரியும். கேம் ஓடும்போது நாலைந்து பெட்டி மேலே ஏறி இறங்கும், மிச்சம் தரையோடு கிடக்கும். மொத்தப் பாவனை 20 வீதம் என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு "புரொசசர் சும்மாதானே இருக்குது, பிழை வேறெங்கோ" என்று கிராபிக்ஸ் காட்டை மாற்றப் போகிறார்கள். 28 திரெட் உள்ள மெசினில் ஒரு திரெட் முழுதாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 4 வீதம்கூட வராது. விண்டோஸ் அந்த வேலையைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டும் இருப்பதால் எந்தப் பெட்டியும் 100-ஐத் தொடாமலே மெயின் திரெட் மூச்சுமுட்டிக் கிடக்கலாம். மொத்த வீதத்தை நம்பவே நம்பாதீர்கள்.

பெரிய புரொசசர்களிலும் இதே கதைதான். ஏஎம்டியின் ரைசன் 9 5950எக்ஸ் 16 கோர். அதற்குப் பிறகு 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி 8 கோர்தான், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது புரொசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான நினைவகம். கேமில் எட்டுக் கோர் பதினாறை வென்றது. மெயின் திரெட் ரேமுக்குப் போய்க் காத்து நிற்காமல், தேவையானது பக்கத்திலேயே கிடைத்தது. காரணம் அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் கோரே தேவையில்லையா? தேவை. குறைந்தால் வலிக்கும். கொழும்பிலிருந்து வருகிற பாவித்த ஒபிஸ் மெசின்களில் ஐ5-4570 நிறைய இருக்கிறது. 4 கோர், 4 திரெட். அதில் ஜிடிஏ 5 போட்டால் சராசரி எப்பிஎஸ் பரவாயில்லை என்று காட்டும். ஆனால் காரை வேகமாக ஓட்டிக்கொண்டு போகும்போது படம் ஒரு கணம் நின்று வெட்டும். பின்னால் டிஸ்கோர்ட் கோலும் குரோமும் திறந்திருந்தால் இன்னும் மோசம். நாலு திரெட்டும் நிரம்பியிருக்கிற நேரத்தில் அடுத்த தெருவை ஏற்றுகிற வேலையும் வந்தால், மெயின் திரெட்டுக்கே இடம் கிடைக்காது. சராசரியில் இது தெரியாது, மிக மெதுவான 1 வீதப் பிரேம்களைக் காட்டுகிற '1 பேர்சன்ட் லோ' என்கிற எண்ணில்தான் தெரியும். அந்த மெசின் வைத்திருப்பவர்கள் அதே சொக்கெட்டில் உட்காருகிற ஐ7-4770-ஐப் பாவித்த விலையில் எடுத்துப் போடலாம். கோர் அதே நாலுதான், திரெட் எட்டாகும். வெட்டு நன்றாகக் குறையும். இரண்டுக்குமே விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. ஸியோனுக்கும் இதே நிலைதான்.

புதுக் கேம்கள் கூடுதல் கோர் கேட்பது உண்மை. பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ்-இலும் 8 கோர் இருக்கிறது, பெரிய கேம்களை அதை வைத்துத்தான் கட்டுகிறார்கள். டைரக்ட்எக்ஸ் 12 வந்த பிறகு கிராபிக்ஸ் காட்டுக்குக் கட்டளை கொடுக்கிற வேலையையும் பல கோர்களுக்குப் பிரிக்க முடிகிறது. சைபர்பங்க் 2077 போட்டால் ஐ3-இன் நாலு கோரும் நிரம்பிவிடும். அதனால் என்னைக் கேட்டால், இரண்டு மாதம் பொறுத்து இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து 6 கோர் 12 திரெட் உள்ள ஐ5-12400எப் எடுங்கள். மதர்போட் அதேதான், ஐ3-ஐ இப்போது போட்டுவிட்டுப் பிறகும் மாற்றலாம். கேமுக்கு 8 கோரைத் தாண்டிக் காசு போடுவது வீண். சாமத்தியவீட்டு, கலியாண வீட்டு வீடியோ எடிட் பண்ணுகிறவர் என்றால் கதை வேறு, அங்கே 12, 16 கோருக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது.

ஆனால் காசைப் பிரிக்கும்போது பெரிய பங்கு கிராபிக்ஸ் காட்டுக்குத்தான். இப்போது ஒரு மெசின் இருந்தால், கேமுக்குள் போய் ரெசலூஷனைக் குறைத்துப் பாருங்கள். எப்பிஎஸ் ஏறினால் இழுத்தது கிராபிக்ஸ் காட். அசையவே இல்லையென்றால் புரொசசர். ரேமையும் 16 ஜிபி ஒற்றைத் துண்டாக எடுக்காமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள், அப்போதுதான் ரேமுக்கும் புரொசசருக்கும் நடுவில் இரண்டு சனல், அதாவது இரண்டு பாதை, திறக்கும். கடைக்காரர் "பிறகு கூட்டலாம்" என்று ஒற்றையைத் தள்ளப் பார்ப்பார்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கேஸைத் திறந்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் செம்மண் புழுதி கம்பளித் துணி மாதிரி அடைத்திருக்கும். விரலால் உரித்தே எடுக்கலாம். கீழே தேர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். புரொசசர் 100 பாகையை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போது 4.3 என்று வாங்கியது 3-க்கும் வராது. தூசி தட்டிப் பேஸ்ட் மாற்றிய பிறகு "புது மெசின் மாதிரி ஓடுது" என்று சொல்லிக் கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். 120 வோட்ஸ் ஸியோன் இந்த வெயிலுக்குள் என்ன பாடுபடும் என்று நீங்களே யோசியுங்கள். கரண்ட் போனால் சின்ன யூபிஎஸ்ஸும் கெதியாகக் கைவிடும்.

ஏற்கனவே ஸியோன் செட் வாங்கிவிட்டவர்கள் இதை வாசித்துக் கவலைப்பட வேண்டாம். அந்த போட்டில் ரேமை நாலு துண்டாக நாலு ஸ்லொட்டிலும் போடுங்கள், போட்டும் இடம் கொடுத்தால் அந்தப் புரொசசர் நாலு சனல் எடுக்கும். கேமில் எப்பிஎஸ்ஸை 60-இல் கட்டிவிட்டு, மிச்சமிருக்கிற பலத்துக்குக் கிராபிக்ஸ் செட்டிங்கை ஏற்றுங்கள். கதை உள்ள கேம்கள் வடிவாக ஓடும். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் மட்டும் அதற்கு வாங்காதீர்கள்.