வெள்ளைப் புகை: விற்பவர் சொல்வதை நம்பலாமா?

வாங்கப் பார்க்கும் பழைய காரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வருகிறது, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவும் குறைவு, விற்பவரோ "ஈரப்பதம்தான்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து இருப்பதால் அவர் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். ஈரப்பதம் என்றால் சில நிமிடங்களில் புகை மறைந்துவிடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நின்று, இனிப்பு வாடையும் அடித்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம்.

வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள். ஆறிய நிலையில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள், சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். கூலன்டில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா? டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் பால் கலந்த காப்பி நிறமா? ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்மை படிவது குறுகிய தூர ஓட்டத்தாலும் வரும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு நிமிடத்திலேயே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல் போல இறுகினால், இன்ஜினில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறது என்று சந்தேகப்படலாம். மெக்கானிக்கிடம் கெமிக்கல் லீக் டெஸ்ட் (கூலன்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் பார்க்கும் சோதனை) கேளுங்கள்: பெட்ரோல் இன்ஜினில் கசிவு இருந்தால் நீலத் திரவம் மஞ்சளாகும்.

நிறம் மாறினால் அந்த வண்டி வேண்டாம். அதிகச் சூட்டில் ஹெட் வளைந்திருந்தால் கேஸ்கெட் மட்டும் மாற்றிப் பயனில்லை. மாறாவிட்டால் வாட்டர் பம்ப், ஹோஸ் கிளிப், ஹீட்டர் பக்கத் தரைவிரிப்பின் ஈரம் ஆகியவற்றில் கசிவைத் தேடுங்கள்.